பன்னிரண்டும் ஆறும்

பௌர்ணமி இரவில் செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தால் பாதத்தின் நிலை தெரிந்துவிடும். பொடிக்கல் குத்த வேண்டும். குத்தாமல் பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தால், மறுநாள் மெடிக்கலில் போய் “நரம்பு மாத்திரை ஒரு அட்டை குடுங்க” என்பதுதான் திருவண்ணாமலையிலும் மற்ற ஊர்களிலும் வழக்கம். அந்த அட்டையில் பெரும்பாலும் பி12, பி6 இரண்டும் சேர்ந்தே இருக்கும். பெயரைப் பார்த்தால் பங்காளிகள். ஆனால் பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும். பி6 மிகுந்தால் கால் மரத்துப்போகும்.

பி12-ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன. மாட்டின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள் செய்து தருவதே பாலில் நமக்கு வருகிறது. 1948-இல் இந்தச் சத்தைச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். திருவண்ணாமலை ரமணாசிரமத்துப் பசு லட்சுமி இறந்ததும் அதே ஆண்டில்தான். சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை, ஆனாலும் சைவ உணவுக்காரர்களின் பி12 கணக்கை மாட்டுத் தொழுவத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. பாலையும் மோரையும்கூட விட்டுவிட்டவர்களுக்கு மாத்திரை ஆடம்பரமல்ல, தேவை. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி இருந்துவிட முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பதும் பெரும்பாலும் உடலுக்கு உதவாத போலி வடிவம்.

பி6 அப்படி அரிய சரக்கல்ல. வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, மீன் என எதிலும் கிடைக்கும். காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுபவர்களைப் போன்ற சிலருக்குத்தான் அது குறைந்து நரம்பைத் தாக்கும். அவர்களுக்கு மருத்துவர் சிறு அளவில் பி6 சேர்த்தே கொடுப்பார்.

உடல் இரண்டையும் வாங்கிக்கொள்ளும் விதமும் வேறு. பி12-க்கு ஒரு காவலாளி உண்டு. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் ஒரு வேளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராம்தான் உள்ளே விடும். அதற்கு மேல் போனதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் தானாகக் கசிந்து நுழையும். அதனால்தான் அன்றாடத் தேவை இரண்டரை மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தும் மாத்திரை 1000, 1500 என்று வருகிறது. அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். பி12-க்கு உச்சவரம்பே வகுக்கப்படவில்லை. நரம்புக் கோளாறு முற்றியவர்களுக்கு முதலில் ஊசிதான். மற்றவர்களில் பலருக்கு வாய்வழி மாத்திரையே போதும்.

பி6-க்கு இந்தக் காவல் இல்லை. 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். தினம் 2 முதல் 6 கிராம் வரை பி6 விழுங்கி, உணர்விழந்து, தள்ளாடி நடந்தவர்கள் அவர்கள். அவ்வளவு யார் சாப்பிடுவார்கள் என்று தோன்றும். ஆனால் அதைவிட மிகக் குறைந்த அளவிலும் பாதிப்பு வந்ததைப் பார்த்து, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்சவரம்பை 12 மில்லிகிராமாக இறக்கியது. அமெரிக்கக் கணக்கில் அது 100. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது சிறிய எண்ணை நம்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அட்டையின் பின்புறம் ‘பைரிடாக்சின்’ என்று பொடி எழுத்தில் இருப்பதுதான் பி6. ஒரு மாத்திரையில் 3 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 100 இருக்கும். நரம்புக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, சோர்வுக்கு ஒன்று என்று மூன்று சாப்பிடுபவர் இதைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்கு மெட்பார்மினும் நெஞ்செரிச்சலுக்கு அமிலக் குறைப்பு மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 மெல்லக் குறையலாம். கால் மதமதப்பைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிடுவார்கள். அவர்கள் பி12 மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ரத்தத்தில் பி12 அளவு பார்த்துவிட வேண்டும். தொடங்கிய பிறகு பார்த்தால் எண் உயர்ந்து உண்மை மறைந்துவிடும். பி12 குறைந்தவர்கள் ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிட்டால் வேறொரு ஏமாற்று: ரத்தசோகை சரியாகிவிடும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

பி6 மிகுந்து வந்த மரப்பு, மாத்திரையை நிறுத்தியபின் பெரும்பாலும் மெல்லக் குறையும். ஆனால் நிறுத்திய முதல் சில வாரங்களில் அது கூடவும் செய்யலாம். மாத்திரையை விட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று பயந்து மறுபடி கடைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் போகிறார்கள்.