கடைசிச் சொல் யாருடையது?

1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் மூல வடிவம் ஏழே உறுப்புகள் கொண்டது. முதல் உறுப்பு, காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தைப் பற்றியது. இரண்டாவது குடியரசுத் தலைவரையும், மூன்றாவது நீதித்துறையையும் பற்றியவை. அதிகாரம் ஒரே கையில் சேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சமே இந்தப் பிரிவினைக்கு அடிப்படை. ஆனால், காங்கிரஸ் இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று அந்த ஏழு உறுப்புகளில் எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. அது இருக்க வேண்டும் என்று 1788இலேயே அலெக்சாண்டர் ஹாமில்டன் வாதிட்டிருந்தார். நிலைநாட்டப்பட்டதோ ஒரு சிறிய பதவிக்கான வழக்கில்.

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்ற ஜான் ஆடம்ஸ், பதவி விலகும் முன் தம் கட்சியினர் பலரை நீதிபதிகளாக நியமித்தார். அவர்களுள் ஒருவர் வில்லியம் மார்பரி. அவருடைய நியமன ஆணையில் கையொப்பம் விழுந்தது, முத்திரையும் விழுந்தது. ஆணை மட்டும் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. புதிய குடியரசுத் தலைவர் ஜெபர்சன் அதைக் கொடுக்க வேண்டாம் என்றார். வெளியுறவு அமைச்சர் மாடிசனுக்கு எதிராக மார்பரி நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்தான், ஆணை அனுப்பப்படாத அந்த நாட்களில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் என்பது வரலாற்றின் குறும்பு.

மார்ஷலுக்கு இக்கட்டு. ஆணையைக் கொடு என்று உத்தரவிட்டால் ஜெபர்சன் மதிக்கமாட்டார்; மறுத்தால் நீதிமன்றம் பணிந்ததாகிவிடும். 1803 பிப்ரவரி 24 அன்று வந்த தீர்ப்பு இரண்டையும் தவிர்த்தது. மார்பரிக்குப் பதவியில் உரிமை உண்டு. ஆனால் இத்தகைய வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவர அனுமதித்த 1789ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, எனவே செல்லாது என்றார் மார்ஷல். சிறிய அதிகாரம் ஒன்றை விட்டுக்கொடுத்துப் பேரதிகாரம் ஒன்றை நீதிமன்றம் பெற்றது. மார்பரிக்குப் பதவி கிடைக்கவில்லை.

அடுத்த முறை காங்கிரஸின் சட்டமொன்று அவ்வாறு செல்லாததாக்கப்பட 54 ஆண்டுகள் ஆயின. அந்த வழக்கின் நாயகர் டிரெட் ஸ்காட் என்னும் அடிமை. அடிமைமுறை தடைசெய்யப்பட்ட இல்லினாய் மாநிலத்திலும் விஸ்கான்சின் பிரதேசத்திலும் தம்மை வைத்திருந்ததால் தாம் விடுதலை பெற்றவர் என்று, 1846இல் செயின்ட் லூயிஸ் நகரில் அவர் வழக்குத் தொடுத்தார். அவர் மனைவி ஹாரியட்டும் தொடுத்தார். 1857 மார்ச் 6 அன்று தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பளித்தார்: கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது; பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லை. அரசியலமைப்பு ஏற்கப்பட்ட காலத்தில் ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பின ஆண்கள் வாக்குரிமை பெற்றிருந்ததை மறுப்புத் தீர்ப்பில் நீதிபதி கர்டிஸ் எடுத்துக்காட்டினார். பயனில்லை. எழுவர் ஒருபுறம், இருவர் மறுபுறம்.

மார்ஷல் பெற்றுத்தந்த அதே அதிகாரம்தான் இது. நீதிமன்றத்தின் சொல்லே முடிவான சொல் என்றால், அந்தச் சொல் அநீதியாகும்போது மக்கள் எங்கே போவார்கள்? 1861இல் டானியின் முன் பதவிப் பிரமாணம் எடுத்த ஆபிரகாம் லிங்கன், தமது உரையில் இந்தக் கேள்வியையே எழுப்பினார்.

அரசியலமைப்பின் ஐந்தாம் உறுப்பில் ஒரு வழி இருந்தது. காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினரும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் உடன்பட்டால் அரசியலமைப்பையே திருத்தலாம். ஆனால் அந்த உடன்பாடு விவாதத்தால் வரவில்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகே 1865இல் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் பதினான்காம் திருத்தம், அந்நாட்டில் பிறந்து அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்களே என்றது. டானியின் தீர்ப்பு செத்தது.

டிரெட் ஸ்காட் அதைப் பார்க்கவில்லை. தீர்ப்பு வந்த ஆண்டிலேயே, உரிமை கைமாறி, அவரும் குடும்பத்தாரும் விடுவிக்கப்பட்டனர். மறு ஆண்டு அவர் இறந்தார். அவருக்கு விடுதலை கொடுத்தது ஒரு தனிமனிதரின் கருணை, சட்டமல்ல. கருணையாகக் கிடைத்ததை உரிமையாக எழுதிவைக்க அந்த நாட்டுக்கு மேலும் பதினோர் ஆண்டுகளும் ஒரு போரும் தேவைப்பட்டன.