தாக்குதலில் உயிர் தப்பியோர் பற்றிய ஆவணப்படங்கள்: யாருடைய குரல் கேட்கிறது?

மும்பைத் தாக்குதல் என்றதும் உங்க மனக்கண்ணில் முதலில் வருவது என்ன?

பலருக்கும் தாஜ் மகால் ஹோட்டலின் குவிமாடமும் அதைச் சூழ்ந்த புகையும்தான். நாம் பார்த்த படங்கள் அப்படி.

2008 நவம்பர் 26ஆம் தேதி இரவு தொடங்கிய தாக்குதலில் 166 பேர் மாண்டனர். ஒரே இடத்தில் ஆக அதிகமானோர் இறந்தது எந்த ஹோட்டலிலும் இல்லை. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில். அங்கே 58 பேர். மூட்டை முடிச்சோடு வெளியூர் ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் பலர். முஸ்லிம் குடும்பங்களும் அவர்களில் உண்டு.

அப்போ ஏன் ஹோட்டலே திரையில் தெரிகிறது?

தயாரிப்பு வேலை தெரிந்தவர்களுக்கு விடை எளிது. ரயில் நிலையத்தில் துப்பாக்கிச்சூடு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. தாஜ் முற்றுகை 29ஆம் தேதி காலை வரை நீடித்தது. உலகத் தொலைக்காட்சிக் கேமராக்கள் வெளியே வரிசையாக நின்றன. ஹோட்டலில் தப்பியவர்கள் பலர் ஆங்கிலம் பேசினர். மொழிபெயர்ப்பாளர் செலவு மிச்சம். ரயில் நிலையத்தில் தப்பியவர்களைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டாம், பட்ஜெட்டே முடிவு பண்ணிவிடும்.

அந்த முடிவு ஒரு படத்தோடு நிற்பதும் இல்லை. 2009இல் ஆஸ்திரேலியாவில் வந்த 'சர்வைவிங் மும்பை' ஆவணப்படம், 2018இல் வெளியான 'ஹோட்டல் மும்பை' திரைப்படத்துக்குத் தூண்டுகோலானது. எந்த இடத்தின் கதை என்பதைத் தலைப்பே சொல்லிடுது.

ஓபராய் டிரைடண்ட் ஹோட்டலில் கொல்லப்பட்ட 28 வயது சிங்கப்பூர் வழக்கறிஞர் லோ ஹுவெய் யென்னை நாம் நினைவுகூர்வது இயல்பு. அவருக்கான இடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ரயில் நிலையத்துக்கும் இடம் வேண்டும் என்பதுதான் விஷயம்.

முகத்தைக் காட்டினால் போதுமா?

போதாது. யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனிங்க. விருந்தினரிடம், "அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள், வாழ்க்கை எப்படி மாறியது?" கூலித் தொழிலாளியிடம், "என்ன பார்த்தீர்கள்?" அவ்வளவுதான். ஒருவர் கதாபாத்திரம், இன்னொருவர் சாட்சி.

தேவிகா ரோதாவனை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் காலில் குண்டடி பட்டபோது அவருக்கு வயது 9. 2009இல் ஊன்றுகோலோடு நீதிமன்றம் போய் கசாப்பை அடையாளம் காட்டினார். பெரும்பாலும் கதை அதோடு முடிந்துவிடும். ஆனால் அவர் வளர்ந்த பிறகு, வீடு கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. சாட்சிக் கூண்டோடு படத்தை முடித்தால் இது காணாமல் போகும்.

மொழியும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் 3 தேவாலயங்களிலும் 3 ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர். அவர்களின் பெற்றோர் தமிழில் பேசுவார்கள். இரண்டு சொல்லுக்குள் குரல் அமுங்கி, மேலே ஆங்கிலம் ஓடும். தமிழ் தெரிந்த நீங்க காதைத் தீட்டிக் கேட்டால், அடியில் இருப்பதும் மேலே ஓடுவதும் ஒன்றல்ல என்பது புரியும். சப்டைட்டில் போட்டால் அந்தக் குரலாவது மிஞ்சும்.

இன்னொன்று, எனக்கு ஆக நெருடலானது. உயிர் தப்பிய முஸ்லிம் ஒருவரிடம், "உங்கள் சமூகம் என்ன சொல்கிறது?" என்று கேட்பது. அவருக்கு என்ன காயம், யாரை இழந்தார் என்று கேட்பதற்கு முன்னாலேயே அவரைப் பதில் சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுகிறோம். பல இனத்தவர் ஒரே புளோக்கில் வசிக்கும் ஊரில் இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது.

நம்ம ஊரில்?

சுவா சூ காங்கில் ரயில் ஏறினால் வேறு ரயில் மாறாமலே டோபி காட் போய்விடலாம். அங்கே ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டொனல்ட் ஹவுஸ். 1965 மார்ச் 10ஆம் தேதி, கொன்ஃபிரன்டாசி காலத்தில், அங்கு குண்டு வைக்கப்பட்டது. மூவர் மாண்டனர்: வங்கியில் வேலை செய்த இரண்டு சீனப் பெண்கள், மலாய் ஓட்டுநர் ஒருவர். 2015இல் எதிரே நினைவுச்சின்னம் எழுந்தது.

காயமடைந்தவர்கள் 33 பேர். அன்று 20 வயதில் இருந்தவர் இன்று 80ஐத் தாண்டியிருப்பார். அவர்கள் கதையைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு அதிக நேரம் இல்லை.