அடுப்படிக்கு வந்து சேர்ந்த துணி

மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி ஓவியமான பற்றிக்குக்கு முதலில் வேண்டியது வெள்ளைப் பருத்தித் துணி. அதில் உருவம் வரைந்து, சாயம் ஏறக்கூடாத இடமெல்லாம் உருகிய மெழுகைப் பூசுவார்கள். தேன்மெழுகு துணியை இறுகப் பிடிக்கும். கூடச் சேரும் பரபின் மெழுகு வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்கும் சாயம் மயிரிழைக் கோடுகளாக நிற்கும். இளநிறம் முதலில், கடுநிறம் பிறகு. கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றினால் ஓவியம் வெளிவரும்.

இலங்கைக் கலைஞர் ஈனா டி சில்வா (1922–2015) 1960களில் இந்தத் துணியைக் கையிலெடுத்தார். இலங்கையரான முதல் பொலிஸ் மா அதிபர் சேர் ரிச்சர்ட் அளுவிகாரையின் மகள் அவர். கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அவருக்குக் கட்டித்தந்த முற்றம் வைத்த வீட்டிலேயே வேலையும் நடந்தது. பாவாவின் பெந்தோட்டை பீச் ஹோட்டலில் துணி வரவேற்பு மண்டபத்தின் கூரைக்கு ஏறியது. 1982இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றத்துக்குள் பதாகையாகப் போனது.

இவ்வளவு உயரம் போன துணியை, 1980களில் ஈனா தன் தந்தையின் ஊருக்குக் கொண்டுவந்தார். கண்டியிலிருந்து வடக்கே ஏ9 வீதியில், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலையும் தாண்டினால் அந்த ஊர், அளுவிகாரை. மிளகும் சாதிக்காயும் கிராம்பும் விளையும் மண். தந்தைவழி வீட்டையும் தோட்டத்தையும் சுற்றி ஊர்ப் பெண்களுக்குப் பற்றிக்கும் தையல் வேலையும், மற்றவர்களுக்கு மரவேலையும் பித்தளை வார்ப்பும் தொழிலாகின. அவற்றுக்குச் சமமாக அங்கே சமையலறையும் ஒரு பட்டறை. வருகிறவர்களுக்கு மேசை கொள்ளாத கறிகளோடு சோறு பரிமாறினார்கள்.

வறுத்த தூளின் நிறம் ஒரு கணம் தப்பினால் கறி கசக்கும். சாயத்தில் துணி கூடுதலாக ஊறினால் நிறம் கெடும். இரண்டுக்கும் வேண்டியது ஒரே கண், ஒரே பொறுமை. நாள் முழுதும் தோட்டத்து மரமும் கொடியும் பார்த்திருப்பவருக்கு வரைய இலையும் பறவையும் தேடிப் போக வேண்டியதில்லை. தொண்ணூறு வயது கடந்தும் அவர் கலைஞராகவே வாழ்ந்ததற்கு அந்த வீடும் தோட்டமும் பெரிய காரணம் என்பேன்.

அங்கே அடுப்பும் தூரிகையும் சேர்ந்திருந்தன; ஆனால் சமையலைச் சொல்லியே நம் வீடுகளில் எத்தனை பெண்களின் தூரிகையை வாங்கி வைத்திருக்கிறோம்! உங்கள் வீட்டில் வரைகிற பெண் இருந்தால், அடுப்படியை மட்டும் அவளிடம் விட்டுவிடாதீர்கள். வரைவதற்கு ஒரு மேசையும், அதில் உட்கார நேரமும் கொடுங்கள்.