தோட்டங்களைப் பதிவு செய்ய ஒரு படக்கருவி: 50 ஆண்டு வரலாறு சொல்லும் பாடம்



புக்கிட் பெருந்துங் 1990ஆம் ஆண்டுகளில் எழுந்த புதுநகர். இங்கிருந்து மேற்கே கோலசிலாங்கூர் வரை ஒரு காலத்தில் தோட்டத்திற்குத் தோட்டம் தமிழர் குடியிருப்புகளே இருந்தன. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்னும் பெயர்களை நம் பெற்றோர் ஊர்ப்பெயர்களாகவே சொல்லி வந்தனர். நம் நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டதும் இப்பகுதியில்தான். 1917ஆம் ஆண்டில் தென்னமாரம் தோட்டத்தில் அதனைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரிலேயே நம் தென்னைமரம் ஒலிப்பதைக் கவனியுங்கள்.

இன்று லயங்கள் இடிகின்றன, பெரட்டுக்களங்கள் புல்லாகின்றன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. எஞ்சியிருப்பதைப் படமாகவேனும் காக்க வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்களும் ஆசிரியர்களும் கேட்கும் முதற்கேள்வி, "அளவான பணத்தில் எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதே. இக்கேள்விக்கு விளம்பரத்தைவிட வரலாறு நல்ல விடை தருகிறது.

தொடக்கம்

1925இல் ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம், ஆஸ்கார் பர்னாக் வடிவமைத்த லைக்கா என்னும் சிறிய கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் படச்சட்டம் 36 × 24 மில்லிமீட்டர். இன்று 'முழுச்சட்டம்' என்று விலை உயர்த்திச் சொல்லப்படும் அளவு அதுவே.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1975இல், அமெரிக்காவின் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். ஏறத்தாழ 3.6 கிலோ எடை, 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடி. தன் கூடத்திலேயே பிறந்த இக்குழந்தையைக் கோடாக் முழு மனத்துடன் வளர்க்கவில்லை. பிலிம் விற்பனையே அதன் உயிராக இருந்தது. 2012 ஜனவரியில் அந்நிறுவனம் நொடிப்புப் பாதுகாப்புக் கோரியது.

நடுத்தர வருமானத்தார்க்குக் கதவு திறந்த ஆண்டு

2003இல் கேனன் 300டி வெளிவந்தது. லென்ஸ் மாற்றத்தக்க டிஜிட்டல் கேமரா ஒன்று 1,000 அமெரிக்க டாலருக்குக் கீழே இறங்கியது அதுவே முதன்முறை. மறு ஆண்டே நிக்கான் டி70 போட்டிக்கு வந்தது. இவ்விரண்டும் தந்தவை 6 மெகாபிக்சல்தான். ஆயினும் அப்படத்தைச் சுமார் 10 × 6.5 அங்குலத்தில் தெளிவாக அச்சிடலாம். பள்ளி ஆண்டிதழுக்கு இது போதும். ஆகவே மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

லென்ஸ் ஏன் முதன்மை?

கேமரா உடல் சில ஆண்டுகளில் பழசாகும். நல்ல லென்ஸ் பல உடல்களைக் கடந்து வாழும். நிக்கான் தன் 'எஃப்' பொருத்துவாயை 1959இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் காத்தது. கேனனோ 1987இல் பழைய வாயைக் கைவிட்டு 'இஎஃப்' வாய்க்கு மாறியது. பழைய லென்ஸ் வைத்திருந்தோர் வருந்தினர். 2018இல் இரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாக் கேமராக்களுக்காகப் புதுவாய்களைக் கொண்டு வந்தன. இம்முறை பழைய லென்ஸ்களுக்கு இணைப்பு வளையம் உண்டு. என்றாலும் நிக்கானின் எஃப்டிஇசட் வளையத்தில் மோட்டார் இல்லை. எனவே தனக்குள் மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள் அதில் தானாகக் குவியமாட்டா. 2006இல் வந்த நிக்கான் டி40 உடலிலும் இதே குறை உண்டு. மலிவென்று வாங்கும் முன் இதனைக் கேட்டறிய வேண்டும்.

இனி நம் தேவைக்கு வருவோம். லயத்து வீட்டினுள் வெளிச்சம் குறைவு. தோட்டத்துக் கோயில் கருவறையில் விளக்கொளி மட்டுமே. கேமராவுடன் வரும் 18-55 லென்ஸ் முழுதாக நீளும்போது அதன் துளை எஃப்/5.6 ஆகச் சுருங்கும். எஃப்/1.8 துளையுள்ள லென்ஸ் அதனைவிட 9 மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விடும். அத்தகைய 50 மி.மீ. லென்ஸ்தான் பொதுவாக மிக மலிவு. முதியோர் முகங்களை எடுக்க ஏற்றது. ஆனால் சிறுசட்டக் கேமராவில் அதன் பார்வை 75 அல்லது 80 மி.மீ. லென்ஸினுடையது போல் குறுகிவிடும். சின்ன அறையில் பின்னுக்கு நகர இடமிராது. அங்கு நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.8 (2009) உதவும். கேனனின் 24 மி.மீ. எஃப்/2.8 (2014) அவ்வளவு ஒளி வாங்காவிடினும் இன்னும் அகலமாகப் பார்க்கும். கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் படமெடுக்க விரும்புவோருக்கும் ஒளி வாங்கும் லென்ஸும் முக்காலியுமே துணை. பிளாஷ் அப்பூச்சிகளுக்குத் தீங்கு.

இன்றைய நிலை

2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023இல் 80 இலட்சத்துக்கும் குறைவு. கைப்பேசி அவற்றின் இடத்தைப் பிடித்தது. இந்த வீழ்ச்சியில் நமக்கொரு நன்மை உண்டு: கண்ணாடியுள்ள பழைய கேமராக்களும் அவற்றின் லென்ஸ்களும் இரண்டாம் கை விலையில் எளிதாகக் கிடைக்கின்றன.

ஆகவே என் பரிந்துரை:

1. கையிருப்பில் பெரும்பங்கை லென்ஸுக்கு ஒதுக்குங்கள். உடல் பத்தாண்டு பழையதாயினும் குற்றமில்லை.
2. பழைய லென்ஸைக் கைவிளக்கு அடித்து உள்ளே பாருங்கள். நம் நாட்டு ஈரப்பதத்தில் சிலந்திவலை போல் பூஞ்சை படரும், இருந்தால் வாங்காதீர்கள்.
3. காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.
4. எடுத்த படங்களைக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.
5. ஒவ்வொரு படத்திற்கும் தோட்டம், பிரிவு, ஆண்டு, படத்திலுள்ளோர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

ஐந்தாவதே தலையாயது. காலனித்துவ காலப் படங்கள் பலவற்றில் நம் முன்னோர் 'தமிழ்க் கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கி, பெயரற்று நிற்கின்றனர். அன்று கேமரா அவர்கள் கையில் இல்லை. இன்று நம் கையில் இருக்கிறது. பெயர் தெரிந்த பாட்டிமார் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்குக் காசும் தேவையில்லை. காலம்தான் குறைவாக இருக்கிறது.