ஏரிக்குப் போன பிக்கப்

2012 அக்டோபரில், ஓய்வுபெற்ற ‘எண்டெவர்’ விண்கலம் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்கள் வழியாக அருங்காட்சியகத்துக்குப் போனது. வழியில் 405 நெடுஞ்சாலையின் மேல் செல்லும் பாலத்தைக் கடந்தபோது அதை இழுத்தது ஒரு டொயோட்டா டன்ட்ரா பிக்கப். நூறு டன்னுக்கு மேற்பட்ட சுமை! தெருவோரம் நின்ற கூட்டம் வாய்பிளந்து பார்த்தது.

அதே வண்டிக்கு நிறுவனம் எழுத்தில் கொடுத்திருந்த இழுவை வரம்போ ஐந்து டன்னுக்கும் குறைவு. இரண்டும் உண்மைதான். விண்கலத்தின் எடையைத் தாங்கியது அதன் அடியிலிருந்த பல சக்கர மேடை. பிக்கப் அதைச் சமதளத்தில், நடைவேகத்தில், சில நூறு மீட்டர் நகர்த்தியது, அவ்வளவே. படகோடு ஏரிக்குப் புறப்படும் குடும்பத்துக்கு அது போதாது. நெடுஞ்சாலை வேகத்தில் ஓட வேண்டும், மலை ஏற வேண்டும், எஞ்சின் கொதிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறக்கத்தில் நிற்க வேண்டும். பெரிய படகை இழுக்கும் வண்டியின் வரலாறு, இந்த வித்தியாசத்தை அமெரிக்கர்கள் மெல்ல மெல்லப் புரிந்துகொண்ட வரலாறு.

ஆரம்பத்தில் பிக்கப்புக்கும் படகுக்கும் சம்பந்தமே இல்லை. 1925-இல் ஃபோர்டு, தன் மாடல் டி காரின் பின்புறத்தில் இரும்புத் தொட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றது. எஞ்சினின் திறன் 20 குதிரைத்திறன். வைக்கோல், பால் கேன், தீவனம் ஏற்ற விவசாயிகள் வாங்கினார்கள். படகுகள் அப்போது பலகையால் ஆனவை. பலகைப் படகைத் தண்ணீரில் கிடக்கவிட்டால்தான் மரம் ஊறி இணைப்புகள் இறுகியிருக்கும்; வாரக்கணக்கில் கரையில் காயவிட்டால் இடுக்குகள் திறந்து தண்ணீர் புகும். டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்திவைக்க ஏற்ற பொருளல்ல அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கண்ணாடியிழைப் படகு இதை மாற்றியது. அது காயாது, சுருங்காது, வாரம் முழுக்க வீட்டில் கிடந்தாலும் சனிக்கிழமை காலையில் அப்படியே மிதக்கும். படகின் பின்பக்கத்தில் மாட்டும் மோட்டாரை மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். 1956-இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் அணைகள். ஹூவர் அணை மீட் ஏரியை உண்டாக்கியது. டென்னசி பள்ளத்தாக்கில் வரிசையாக நீர்த்தேக்கங்கள் எழுந்தன. கிளென் கேன்யன் அணை பாவெல் ஏரியை நிரப்பியது. கடலையே பார்த்திராத பாலைவன மாநிலங்களில் படகு விடத் தண்ணீர் கிடைத்தது. அரிசோனாவின் ஹவாசு ஏரிக்கரையில் ஒரு நகரமே பிறந்தது, படகு மோட்டார் தயாரித்த ராபர்ட் மெக்கல்லக்கின் முயற்சியால். மோட்டார்களைச் சோதிக்க இடம் தேடி வந்தவர், பிறகு லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கிக் கல் கல்லாகக் கொண்டுவந்து அங்கேயே கட்டிவிட்டார். 1971-இல் அந்தப் பாலம் திறக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் இந்தப் படகுகளைப் பெரும்பாலும் கார்களே இழுத்தன. தனிச் சட்டகத்தின்மேல் உட்கார்ந்த, நீளமான, எட்டு சிலிண்டர் கார்கள். பிறகு 1973-இன் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் எரிபொருள் சிக்கனச் சட்டத்தை இயற்றியது. கார்கள் குறுகி, எடை குறைந்தன. இலகு ரக டிரக்குகளுக்கு மட்டும் விதி தளர்வாக இருந்தது. இழுக்கும் வேலை தானாகவே பிக்கப்பின் தலையில் விழுந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த எழுதிய சட்டம்தான் பெரிய பிக்கப்பைக் குடும்ப வண்டியாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தது என்பதை, இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்த திருப்பம் டீசல். 1989 மாடல் டாட்ஜ் ராமில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின் வந்தது. கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து விவசாய இயந்திரங்களுக்காகவும் உருவாக்கிய குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் அது. திறன் 160 குதிரைதான். ஆனால் டார்க், அதாவது முறுக்குவிசை, ஏறக்குறைய 540 நியூட்டன் மீட்டர், அதுவும் மிகக் குறைந்த சுழற்சியிலேயே. பாரம் இழுப்பவருக்கு வேண்டியது அதுதான். 1994-இல் ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக், 2001-இல் ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் என்று போட்டி சூடேறியது. 2019 ராம் டிரக்கின் டார்க் 1,350 நியூட்டன் மீட்டரைத் தாண்டியது.

எஞ்சின் வளர வளர, விளம்பரத்தில் சொல்லும் இழுவை எண்ணும் வளர்ந்தது. சிக்கல் என்னவென்றால், அந்த எண்ணைக் கணக்கிடப் பொது விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் சோதித்து, தன் எண்ணைச் சொன்னது. வாங்குபவரால் இரண்டு வண்டிகளை ஒப்பிடவே முடியவில்லை.

வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ. 2008-இல் ஜே2807 என்ற தரவரையறையை வெளியிட்டது. அதன் இதயம் ஒரு மலைச்சாலை. அரிசோனாவில் கொலராடோ நதியின் குறுக்கே நிற்கும் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து யூனியன் கணவாய் வரை சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றம். வெயில் 38 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும், ஏ.சி. முழு வேகத்தில் ஓட வேண்டும். முழுச் சுமையோடு வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. பின்புறம் இரட்டைச் சக்கரம் உள்ள கனரக பிக்கப்புக்கு மட்டும் 56. இதைத் தவிர, நின்ற இடத்திலிருந்து புறப்படுதல், பிரேக், வளைவில் நிலைப்பு என்று தனிச் சோதனைகள்.

முதலில் முன்வந்தது டொயோட்டா. 2011 டன்ட்ராவைப் புது விதிப்படி அளந்தபோது, சில வகைகளின் இழுவை எண் சில நூறு கிலோ வரை சரிந்தது. வண்டியில் ஒரு திருகுகூட பலவீனமாகவில்லை. எண் நேர்மையானது, அவ்வளவுதான். போட்டியாளர்கள் பெரிய எண்ணோடு விளம்பரம் செய்துகொண்டிருக்கும்போது தன் எண்ணைத் தானே குறைத்துக்கொள்ளத் துணிச்சல் வேண்டும். அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் தங்கள் பிரதான பிக்கப்புகளை அந்த விதிக்குள் கொண்டுவர 2015 மாடல்கள் வரை ஆயிற்று.

மலைச்சாலை சொல்லாத பாடம் ஒன்று ஏரிக்கரையில் இருக்கிறது. படகு இறக்கும் கான்கிரீட் சரிவில் எப்போதும் ஈரம், பாசி. வண்டியைவிடக் கனமான படகை அந்தச் சரிவில் நின்ற நிலையிலிருந்து மேலே இழுக்க, நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி மிகவும் கைகொடுக்கும். டிரெய்லரே தண்ணீரில் மூழ்குவதால் அதன் பிரேக்கும் வேறு வகை. மின்சார பிரேக் தண்ணீரில், முக்கியமாக உப்புத் தண்ணீரில், சீக்கிரம் கெட்டுவிடும். எனவே படகு டிரெய்லர்கள் பலவற்றில் முன்தள்ளும் விசையாலேயே இயங்கும் பிரேக் இருக்கிறது: வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் முட்டும், அந்த அழுத்தம் இணைப்பிலுள்ள ஹைட்ராலிக் சிலிண்டரை அமுக்கும், சக்கரங்கள் பிடிக்கப்படும்.

படகின் அளவையும் சாலையே தீர்மானித்தது. சிறப்பு அனுமதி இல்லாமல் பெரும்பாலான அமெரிக்கச் சாலைகளில் போகக்கூடிய அகலம் எட்டரை அடி. அதனால் ஏராளமான படகுகள் எட்டரை அடி அகலத்தோடு வடிவமைக்கப்படுகின்றன. அகலம் வளர முடியாதபோது நீளமும் எடையும் வளர்ந்தன.

இன்று வாங்குபவர் பார்க்க வேண்டிய எண், விளம்பரப் பலகையில் இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கிறது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அது சொல்லும். ஒரு கணக்கு: டிரெய்லர், எரிபொருள் எல்லாம் சேர்ந்து படகு 3,600 கிலோ. அதில் பத்து சதவீதம், 360 கிலோ, கொக்கியின் வழியாக வண்டியின் முதுகில் அமரும். நாலு பெரியவர்கள் 320 கிலோ. மொத்தம் 680. ஒட்டுத்தாளில் 700 கிலோ என்றிருந்தால் மீதம் வெறும் 20 கிலோ. ஐஸ் பெட்டிக்கும் மீன்பிடிச் சாமானுக்கும் இடமில்லை. இழுவை எண் 5,000 கிலோ என்று போட்டிருந்தாலும் இதுதான் நிலை. அதனால்தான் பெரிய படகுக்காரர்கள் ஒரு படி மேலே போய், ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற கனரக வகையை வாங்குகிறார்கள்.

2022-இல் மின்சார எஃப்-150 லைட்னிங் வந்தது. புறப்படும்போதே முழு டார்க் கிடைப்பதால் படகுச் சரிவில் அது நன்றாக இழுக்கும். ஆனால் பெரிய பாரத்தை நெடுஞ்சாலையில் இழுக்கும்போது ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியளவுக்குக் குறைகிறது. பெரும்பாலான சார்ஜிங் நிலையங்கள் கார் நிறுத்துமிடம்போல் அமைந்திருப்பதால், நடுவழியில் படகைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் வண்டியைச் சார்ஜ் செய்யவேண்டியிருக்கிறது.