கேளா ஒலியின் படமும் பெயரும்

மலையடிவாரத்தில் நின்று உரக்கக் கூவிப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எதிரே உள்ள பாறை அண்மையில் இருந்தால் குரல் விரைவில் திரும்பி வரும். தொலைவில் இருந்தால் சற்றுத் தாமதித்து வரும். அத்தாமதத்தை அளந்தால் பாறையின் தொலைவைக் கணக்கிட்டு விடலாம். இந்த எளிய உண்மையைக் கொண்டுதான் இன்று மருத்துவமனைகளில் தாயின் வயிற்றில் வளரும் சிசுவைப் படமாகக் காண்கிறார்கள். ஸ்கேன் என்று நாம் வழங்கும் அந்தப் படத்தின் பிறப்பைப் பற்றி நூல்கள் பல உண்டு. ஆனால் எடுத்த படம் அதன்பின் எங்கே செல்கிறது, அது இன்னாருடைய படம் என்பதை வேறோர் அறையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் எவ்வாறு அறிகிறார் என்னும் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இக்கருவிகளை மருத்துவமனைக் கணினிகளோடு இணைக்கும் தொழிலில் சில ஆண்டுகள் ஈடுபட்டிருந்தவன் நான். ஆகவே அவ்விரண்டு வரலாறுகளையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மனிதச் செவி, நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. மருத்துவர் பயன்படுத்துவது நொடிக்கு 20 இலட்சம் முதல் 1 கோடியே 50 இலட்சம் வரை அதிரும் ஒலியாகும். உடலின் மென்மையான தசைகளினூடே அது நொடிக்குச் சராசரியாக 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பத்துச் சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள ஓர் உறுப்பில் பட்டுத் திரும்பிவர, ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றில் 130 கூறுகளே ஆகின்றன. இவ்வளவு சிறிய காலத்தை அளந்து, ஒவ்வோர் எதிரொலியையும் திரையில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக் கருவி படத்தை வரைகிறது. இத்தகைய ஒலியை எழுப்பவும் ஏற்கவும் உதவும் படிகங்களின் இயல்பை 1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர் கண்டறிந்தனர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க லாஞ்செவின் என்ற அறிஞர் அதனைக் கையாண்டார். பின்னர் இரும்புத் தகடுகளுக்குள்ளே மறைந்திருக்கும் விரிசல்களைக் காணத் தொழிற்சாலைகளில் இது பயன்பட்டது.

இரும்பைச் சோதித்த கருவி மனித உடலைச் சோதிக்க வந்த வரலாறு சுவையானது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக 1954இல் பொறுப்பேற்றவர் இயன் டொனால்ட். போர்க்காலத்தில் விமானப்படையில் பணியாற்றியபோது ராடார் முதலிய கருவிகளை அறிந்திருந்தவர். 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர், அறுவையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே இரும்பைச் சோதிக்கும் கருவியால் அக்கட்டிகளைச் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் வைக்கப்பட்டிருந்ததாம்! திண்மையான கட்டி ஒருவகையாகவும், நீர் நிறைந்த கட்டி வேறுவகையாகவும் எதிரொலித்தன. கண்ணுக்கு முன்னே ஒரு புதிய வழி திறப்பதைப் பேராசிரியர் உணர்ந்தார்.

அடுத்த ஆண்டில் டாம் பிரவுன் என்னும் இளம் பொறியாளர் இதனைக் கேள்வியுற்றுத் தாமாகவே பேராசிரியருக்குத் தொலைபேசியில் பேசினார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. இவர்கள் இருவரும், ஜான் மாக்விகர் என்ற மருத்துவரும் சேர்ந்து உழைத்தார்கள். அந்நாட்களில் ஒரு பெண்மணிக்கு வயிறு பெருத்திருந்தது. தீர்க்க இயலாத புற்றுநோய் என்று முடிவு செய்திருந்தார்கள். கேளா ஒலிக் கருவியோ, தெளிவான விளிம்பு கொண்ட ஒரு நீர்க்கட்டியைக் காட்டிற்று. அறுவை செய்து பார்த்தபோது அது தீங்கற்ற சூலகக் கட்டியே என்பது மெய்ப்பட்டது. அகற்றினார்கள், அவரும் பிழைத்தார். 1958ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் மூவரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. மருத்துவ உலகம் அதன் பிறகே இதனைப் பொருட்படுத்தத் தொடங்கியது.

அக்காலத்தில் படத்தைக் காப்பாற்றி வைத்த முறை யாது? திரையின் முன்னே ஒரு புகைப்படக் கருவியை நிறுத்திப் படம் பிடித்தார்கள். யாருடைய படம் என்பதைப் பேனாவால் குறித்தார்கள். பேனாவை எடுத்த கை தவறினால் படமும் தவறியதுதான்.

படம் பார்ப்பதற்கு மட்டும் உரியதாக நெடுநாள் இருக்கவில்லை, அளப்பதற்கும் உரியதாயிற்று. 1968இல் ஸ்டூவர்ட் காம்பெல் என்பவர் சிசுவின் தலையைக் குறுக்காக அளக்கும் செம்மையான முறையை வெளியிட்டார். 1973இல் கிளாஸ்கோ நகரிலேயே ஹியூ ராபின்சன் என்பவர், கருவுற்ற முதல் மாதங்களில் சிசுவின் உச்சி முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து, கருவின் வயதைச் சில நாள் வேறுபாட்டிற்குள் கூறலாம் என்று காட்டினார். அன்றுமுதல் அப்படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பதும் பொருளுடையதாயிற்று. பேறு எந்நாளில் நிகழும், குழந்தை நன்கு வளர்கிறதா என்பனவற்றை இவ்வளவுகளைக் கொண்டே மருத்துவர் தீர்மானிக்கிறார்.

பின்னர்க் கணினிகள் வந்தன. படங்கள் எண்களாயின. அப்பொழுது ஒரு புதிய இடர் தோன்றிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவி எடுத்த படத்தைத் தனக்கே உரிய முறையில் எழுதி வைத்தது. ஒரு நிறுவனத்தின் கருவி எழுதியதை மற்றொரு நிறுவனத்தின் கணினியால் படிக்க முடியவில்லை. பல மொழி பேசுவோர் ஒரே சந்தையில் கூடி, ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல் நின்ற நிலையே மருத்துவமனைகளில் இருந்தது. இதனைத் தீர்க்க 1983ஆம் ஆண்டில் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்களின் அமைப்பும், மின்கருவி உற்பத்தியாளர்களின் தேசிய சங்கமும் கூடி ஒரு குழு அமைத்தன. அக்குழு 1985இல் முதல் விதித்தொகுப்பை வெளியிட்டது. அது ஐம்பது ஊசிகள் கொண்ட ஒரு செருகியால் இரண்டு கருவிகளை நேருக்கு நேர் இணைப்பதற்கே உதவிற்று. 1988இல் திருத்திய பதிப்பு வந்தது. பல கருவிகளும் கணினிகளும் ஒரே வலையமைப்பில் உரையாடத்தக்க விதித்தொகுப்பு 1993இல் பிறந்தது. அதற்கு 'டைகாம்' என்று பெயர். இன்று உலகெங்கும் மருத்துவப் படக்கருவிகளின் பொதுமொழி அதுவே.

ஒரு ஸ்கேன் கருவியை மருத்துவமனையின் படக்காப்பு மென்பொருளில் சேர்க்கும்போது என்ன செய்கிறோம் என்று கேட்கலாம். முதலில் கருவிக்கு ஓர் அழைப்புப் பெயர் இடுகிறோம். அப்பெயர் பதினாறு எழுத்துகளுக்கு மேற்படக்கூடாது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகவே அது கருதும். அடுத்து, வலையமைப்பில் அதன் முகவரியையும், எந்த வாயில் எண்ணில் செய்தி ஏற்பது என்பதையும் குறிக்கிறோம். 104 என்பது மரபான வாயில் எண். கருவி கணினியை அறிந்திருத்தல் போலவே கணினியும் கருவியை அறிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாதவரை வாயிற்காவலர் உள்ளே விடாதது போல, பட்டியலில் இல்லாத கருவியைக் கணினி ஏற்காது. இவ்வளவும் ஆன பிறகு, கருவியிலிருந்து ஒரு சிறு செய்தியை அனுப்பி மறுமொழி வருகிறதா என்று பார்க்கிறோம். இச்செய்திக்கு டைகாம் வழக்கில் 'எக்கோ', அதாவது எதிரொலி என்றே பெயர். எதிரொலியால் படம் வரையும் கருவிக்கு முதற்சோதனையும் எதிரொலியாகவே அமைந்தது பொருத்தந்தானே!

எதிரொலி வந்துவிட்டது என்று நிம்மதி கொள்ளலாகாது. வழி திறந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. நிலைப்படமும், இதயத் துடிப்பைக் காட்டும் அசையும் படமும் தனித்தனி வகைகள். இரண்டையும் ஏற்க மென்பொருள் இசைந்திருக்கிறதா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். அளவு குறித்தும் சோதிக்க வேண்டும். படத்தில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் கருவி படத்தோடு சேர்த்தே அனுப்புகிறது. ஒரே படத்தில் ஒரு பகுதி உறுப்பின் உருவத்தையும், மற்றொரு பகுதி குருதி ஓடும் வேகத்தையும் காட்டக்கூடும். ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அளவுக்குறிப்பு உண்டு. பழைய கருவிகளில் திரையின் காட்சியை மட்டும் ஒரு கம்பி வழியே பிடித்து அனுப்புவார்கள். அப்போது படம் வரும், அளவுக்குறிப்பு வராது. அத்தகைய படத்தில் மென்பொருளின் அளவுகோலை அப்படியே நம்பி ஒரு சிசுவின் தலையை அளந்தால், ஒருவர் கூறும் பேறுகாலமே மாறிவிடும்.

இவையனைத்திலும் பெரிது பெயர். மருத்துவமனையில் வரவேற்பறையில் பதிவு செய்த பெயரும் எண்ணும் பணிப்பட்டியலாகக் கருவியின் திரைக்கு வரவேண்டும். மருத்துவர் அதில் உரியவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. இதன் அருமையை நான் ஒரு நாள் நேரிலேயே உணர்ந்தேன். ஓர் ஊரின் மருத்துவமனையில் நான் ஒரு கருவியை இணைத்தேன். எதிரொலி வந்தது, படங்களும் சென்றன. நேரமாகிவிட்டதென்று, பணிப்பட்டியலைப் பிறகு அமைக்கலாம் என விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் ஒரு தாய்க்கு ஸ்கேன் செய்தார்கள். அவருடைய சோதனையை முடித்துவிட்டதாகக் கருவிக்குத் தெரிவிக்காமலே அடுத்த தாயை அழைத்துவிட்டார்கள். இரண்டாமவரின் படங்களும் முதலாமவரின் பெயரிலேயே போய்ச் சேர்ந்தன. முதலாமவருக்குக் கரு பன்னிரண்டு வாரம்; இரண்டாமவருக்கு முப்பது வாரம். ஆகையால் படத்தைப் பார்த்த மருத்துவர் உடனே ஐயுற்றுத் திருப்பி அனுப்பினார். இருவருக்கும் ஒத்த வாரமாக இருந்திருந்தால்? ஒருத்தியின் குறை மற்றவளின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். தேவையற்ற அச்சம் ஒருத்திக்கும், தேவையான சிகிச்சையின்மை மற்றொருத்திக்கும் நேர்ந்திருக்கும். அன்று மாலையே சென்று பணிப்பட்டியலை அமைத்தேன். ஒரு சோதனையை முடிக்காமல் அடுத்தவரைத் தொடங்குவதில்லை என்ற வழக்கத்தையும் அங்கே ஏற்படுத்தினார்கள். அந்நிகழ்ச்சியில் தவறு என்னுடையதே என்பதை நான் மறந்ததில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். எடுத்த படம் கருவியின் சேமிப்பிடத்திலும் இருக்கும். இடம் நிரம்பியதும் பழையவற்றை அழிப்பார்கள். அழிக்கும் முன், படக்காப்புக் கணினியிடம், 'நான் அனுப்பிய இப்படங்களுக்கு நீ பொறுப்பேற்றாயா?' என்று கருவி கேட்டு உறுதி பெற டைகாமில் ஒரு வழி உண்டு. அடைக்கலம் கொடுத்த பொருளுக்குச் சீட்டு வாங்கிக்கொள்வது போன்றது இது. இதனை அமைக்காமல் விட்டு, அழிந்த பின் வருந்துவோர் உண்டு.

நம் நாட்டில் இப்பதிவுகளுக்கு வேறொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று அறிந்து பெண்சிசுவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஸ்கேன் செய்யும் நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும்; கருவுற்ற பெண்களுக்குச் செய்யும் ஒவ்வொரு சோதனையையும் எழுதி வைக்க வேண்டும். உயிரைக் காக்கப் பிறந்த கருவி உயிரை அழிக்கப் பயன்படாமல் காப்பதிலும், யாருக்கு, எந்நாளில், எதற்காக என்ற குறிப்புக்கு இடமிருக்கிறது.

மாணவ நண்பர்களே! கட்டிகளைக் காரில் ஏற்றிச் சென்ற பேராசிரியரின் துணிவையும், தாமாகவே வந்து உதவிய இளம் பொறியாளரின் ஆர்வத்தையும் நாம் போற்றுகிறோம்; போற்றத் தக்கவையே. ஆனால் பல நிறுவனங்கள் ஒன்றுகூடி, ஒரு பெயரை எங்கே எழுதுவது, ஓர் அளவை எவ்வாறு குறிப்பது என்று பத்தாண்டுகள் வாதிட்டு ஒரு பொதுமொழியை ஆக்கியதும் அதற்குக் குறைந்த செயலன்று. அதில் வியக்கத்தக்க காட்சி எதுவும் இல்லை; அதனால்தான் அது பேசப்படுவதில்லை. உங்களில் சிலர் மருத்துவர்களாவீர்கள், சிலர் பொறியாளர்களாவீர்கள். ஒரு கருவியை அமைத்து முடித்ததாக நீங்கள் எண்ணும் நேரத்தில், அதன் எதிரே நாளைக் காலையில் படுக்கப்போகும் தாயின் பெயர் அங்கே சரியாக வந்து நிற்குமா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வீடு செல்லுங்கள்.