இசை வணிகரும் இணையப் பிரதியும்

இயற்றியவனுடைய பாடல் பிறர் செவியைச் சேர்ந்தபின் யாருடைய உடைமை? இவ்வினா புதிதன்று, ஒலியைப் பிடித்துவைக்கும் பொறியொன்று தோன்றுந்தோறும் இது மீட்டும் எழுந்துள்ளது. அமெரிக்காவிலே தானியங்கிப் பியானோ பரவிய காலத்தில், துளையிட்ட காகிதச் சுருள்களின் வாயிலாகப் பாடல்கள் ஒலித்தன. அச்சுருள் பாடலின் பிரதியாகாது என 1908 ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டிலே சட்டமன்றம் நடுவழியொன்றைக் கண்டது. ஒருமுறை ஒலிப்பதிவுக்கு இசைவளிக்கப்பட்ட பாடலைப் பிறரும் பதிவு செய்யலாம்; ஆயின், பிரதி ஒன்றுக்கு 2 சதம் உரியவருக்குக் கொடுத்தல் வேண்டும். தடையும் இல்லை, இலவசமும் இல்லை.

ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. ஜெர்மானிய ஆய்வாளர் வகுத்த எம்.பி.3 என்னும் முறை, ஒலிக்கோப்பினைப் பத்திலொரு பங்களவாகச் சுருக்கியது. 1999 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஷோன் பனிங் என்னும் இளைஞர் நாப்ஸ்டர் என்ற சேவையைத் தொடங்கினார். பாடல்கள் பயனர்தம் கணினிகளிலேயே இருந்தன. அட்டவணை மட்டுமே நாப்ஸ்டரிடம் இருந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் ஒலிப்பதிவு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவற்றின் பக்கம் நின்றது. யூலையில் நாப்ஸ்டர் அடங்கிற்று. ஆயினும், வெட்ட வெட்டத் துளிர்க்கும் செடிபோல, நடுவண் அட்டவணை இல்லாத வேறு சேவைகள் தோன்றின. உரிமை மீறலைத் தூண்டுவோர் பொறுப்பாளராவர் என உச்ச நீதிமன்றம் 2005 இல் விதித்தும் பகிர்வு ஓயவில்லை.

இதற்கிடையில், நிறுவனங்கள் தம் நுகர்வோர் மீதே பாய்ந்தன. 2003 செப்டெம்பரில் 261 பேர் மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவர்களுள் ஒருத்தி 12 வயதுச் சிறுமி. 2,000 டொலர் செலுத்தி அவ்வழக்குத் தீர்க்கப்பட்டது. 24 பாடல்களைப் பகிர்ந்த பெண்மணி ஒருவருக்கு எதிராக 2009 இல் யூரிமார் விதித்த இழப்பீடு 19 இலட்சத்து 20,000 டொலர். முடிவில் அது 222,000 டொலராயிற்று. குற்றத்துக்கும் தண்டத்துக்கும் உள்ள இவ்விடைவெளியே நிறுவனங்களின் நற்பெயரைக் கெடுத்தது. பொதுமக்கள்மீது பெருந்தொகையாக வழக்குத் தொடுக்கும் முறையை அவை 2008 டிசெம்பரில் கைவிட்டதாக அறிவித்தன.

கண்டித்தோர் பல திறத்தினர். கணினியில் ஒன்றைப் படித்தலும் கேட்டலுங்கூடப் பிரதி செய்தலே ஆதலின், பழைய சட்டம் வாழ்வின் ஒவ்வோர் அசைவையும் கட்டுப்படுத்துகின்றது எனச் சட்டப் பேராசிரியர் லோறன்ஸ் லெசிக் வாதித்தார். வரி விதித்துக் கலைஞருக்குப் பகிர்ந்தளிக்கலாம் என வில்லியம் பிஷர் எடுத்துரைத்தார். இது 1909 ஆம் ஆண்டின் நடுவழியை நினைவூட்டுவது. எனினும், வணிகர் முறையீட்டை வெறும் பேராசை எனத் தள்ளுதல் நீதியன்று. அமெரிக்க ஒலிப்பதிவு வருவாய் 1999 இல் 1,460 கோடி டொலர். 2014 இல் 700 கோடிக்கும் குறைவு. இவ்வீழ்ச்சியிற் பகிர்வின் பங்கு எத்துணை என்பதிற் பொருளியலாளர் உடன்படவில்லை. வீழ்ச்சியை மறுப்பார் எவருமிலர். பாடகன் மட்டுமன்றி, வாத்தியக்காரனும் ஒலிப்பதிவாளனும் அதனாற் பாதிக்கப்பட்டனர்.

போரை முடித்தது நீதிமன்றமன்று. 2003 ஏப்பிரலில் அப்பிள் நிறுவனம் பாடல் ஒன்றை 99 சதத்துக்கு விற்கத் தொடங்கியபோது, முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பாடல்கள் விலைபோயின. 2005 இல் ஒரு பெருநிறுவனம் இசைத்தட்டுகளில் ஒளித்துவைத்த மென்பொருள் கணினிகளுக்குத் தீங்காகவே, அத்தட்டுகள் மீளப் பெறப்பட்டன. 2009 இல் அப்பிள் தன் பாடல்களிலிருந்த பூட்டுகளை நீக்கியது. 2008 இல் சுவீடனில் தொடங்கிய ஸ்பொட்டிபை போன்ற சேவைகள் சந்தா முறையைப் பரப்பவே, வருவாய் மீண்டும் உயர்ந்தது.

வழக்குகளில் வென்ற வணிகர் வழக்கத்தை வெல்லவில்லை. நேர்வழி எளிதானபோதே மக்கள் அவ்வழிச் சென்றனர். ஆயினும், கேட்பவன் கொடுக்கும் பணத்தில் இயற்றியவனைச் சேரும் கூறு எத்துணை என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை. 1909 இல் அந்த 2 சதத்தையேனும் சட்டம் வரையறுத்து வைத்தது. இன்று பெரும்பாலும் ஒப்பந்தமே அதனை வரையறுக்கின்றது. ஒப்பந்தத்திலே வலியவன் சொல்லே ஏறும்.